நரம்பு செல்லுக்குத் தான் யாரென்று எப்படித் தெரிகிறது?

கொங்குப் பக்கம் நூற்புழு என்ற பேச்சு வந்தால் கூடவே நாலு வசவும் வரும். வாடி நிற்கிற தக்காளிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். மஞ்சளிலும் வாழையிலும் இதே தொல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் வருகிற புழுவும் அந்தக் கூட்டத்துக்குச் சொந்தக்காரன்தான். ஆனால் பயிர்ப் பக்கமே போகாது. அழுகிய பழத்திலும் மட்கிய குப்பையிலும் பாக்டீரியாவைத் தின்று காலம் தள்ளும். பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்; சுருக்கமாக சி. எலிகன்ஸ். நீளம் ஒரு மில்லிமீட்டர். உடம்பு கண்ணாடிபோல ஒளி புகும். உலகத்து ஆய்வகங்களில் இன்று வளர்கிற பெரும்பாலான புழுக்களின் மூதாதை இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தை ஒட்டிய ஒரு காளான் உரத்திலிருந்து எடுத்தது. நம் ஊர்ச் சித்திரை வெயில் இதற்கு ஆகாது. சூடு 27 டிகிரியை ஒட்டினாலே இனப்பெருக்கம் நின்றுவிடும். அதனால் 20 டிகிரி பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறார்கள்.

இதைப் பற்றி ஊரில் ஒருவரிடம் சொன்னபோது, "ஏனுங்க, ஒரு புழுவைப் போயி அறுவது வருசமாப் பாத்துக்கிட்டு இருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம். 1963-ல் சிட்னி பிரென்னர் இந்தப் புழுவை வைத்து ஆராயலாம் என்று எழுதிக் கொடுத்ததிலிருந்து கணக்குப் போட்டால் அறுபது தாண்டிவிட்டது. அவர் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: எண்ணி முடிக்கக்கூடிய உயிர் வேண்டும் என்று நினைத்தார். வளர்ந்த இருபால் புழு ஒன்றில் இனப்பெருக்க செல்களை விட்டுவிட்டால் 959 செல்கள். அதில் 302 நரம்பு செல்கள். எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 302. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி இடம். ஒற்றை முட்டை செல்லிலிருந்து எது எதற்குப் பிறந்தது என்ற வம்சாவளி முழுவதையும் ஜான் சல்ஸ்டனும் கூட்டாளிகளும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்து, கையால் வரைந்து, 1983-ல் முடித்தார்கள். நம் தலைக்குள் இருப்பது சுமார் 8,600 கோடி நரம்பு செல். அதில் ஒன்றைக் காட்டி "இது எப்படி இதுவாக ஆனது" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. புழுவில் கேட்கலாம், பதிலும் கிடைக்கும்.

சரி, கேள்விக்கு வருவோம். புழுவின் 959 செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. சுமார் 10 கோடி எழுத்து. அதில் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. குடல் செல்லிலும் அதே 20,000, தசையிலும் அதே, வாசனை பிடிக்கும் நரம்பிலும் அதே. பிறகு எப்படி ஒன்று குடலாகவும் இன்னொன்று நரம்பாகவும் ஆகிறது?

எல்லா மரபணுவும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை என்பதுதான் பதில். ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால் அதன் டி.என்.ஏ. எழுத்துகளை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்க வேண்டும், அந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்துப் புரதம் தயாராக வேண்டும். இது ஒரு செல்லில் நடந்தால் அந்த மரபணு அங்கே வெளிப்படுகிறது என்கிறோம். நடக்காவிட்டால் அது சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு மரபணுவின் பக்கத்திலும் புரதம் எதையும் செய்யாத ஒரு டி.என்.ஏ. துண்டு உண்டு. சில குறிப்பிட்ட புரதங்கள் அந்தத் துண்டில் வந்து உட்கார்ந்தால் படியெடுப்பு தொடங்கும், அல்லது நிற்கும். இவற்றைக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் என்று வைத்துக்கொள்வோம். இவையும் மரபணுக்களிலிருந்து வருபவைதான். அதாவது மரபணுவை மரபணு ஆள்கிறது. ஒரு செல் எதுவாக ஆகும் என்பது எந்தக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் அதற்குள் சேர்ந்து இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

பாடப்புத்தகம் இந்த இடத்தில் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் சுவையான இடமே இனிமேல்தான் இருக்கிறது. அதற்கு 302-ல் வெறும் ஆறு செல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

புழுவின் தோலுக்கு அடியில், மெல்லத் தொட்டால் உணர்வதற்கென்று ஆறு நரம்பு செல்கள் இருக்கின்றன. முன்பாதியில் மூன்று, பின்பாதியில் மூன்று. இவற்றைச் சோதிக்க மார்ட்டின் சால்ஃபியும் சல்ஸ்டனும் கையாண்ட கருவி ஒரு புருவ முடி. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு புருவ முடியை ஒட்டி, அதால் புழுவின் பக்கவாட்டில் மெல்ல வருடுவார்கள். தலைப் பக்கம் வருடினால் புழு பின்னால் நகரும். வால் பக்கம் வருடினால் முன்னால் ஓடும். இரசாயனம் கொடுத்து மரபணுக்களைக் கெடுத்த புழுக்களில் சில, முடியால் எவ்வளவு வருடினாலும் அசையவில்லை. அதே புழுவைக் கம்பியால் குத்தினால் துள்ளி ஓடியது. ஆக, அதற்கு ஓடத் தெரிகிறது. மெல்லிய தொடுகை மட்டும்தான் தெரியவில்லை. இன்றும் இந்தச் சோதனைக்குப் புருவ முடிதான்.

இப்படிப் பிடித்த மரபணுக்களுக்கு மெக் என்று பெயர் வைத்து வரிசை எண் கொடுத்தார்கள். புழு ஆய்வில் ஒரு மரபணு கெட்டால் என்ன கோளாறு வருகிறதோ அதையே பெயராக வைத்துவிடுவது வழக்கம். அன்க் என்று தொடங்கினால் அது கெட்ட புழு ஒழுங்காக நகராது என்று பொருள். மெக் கூட்டத்தில் பலவும் வேலைக்காரர்கள். மெக்-4, செல்லின் மேல் உறையில் ஒரு வாய்க்காலைச் செய்கிறது. தொடும்போது அது திறந்து சோடியம் உள்ளே பாயும். மெக்-7-ம் மெக்-12-ம் செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்களைச் செய்கின்றன. இந்தப் புழுவின் மற்ற செல்களில் நுண்குழாய் பெரும்பாலும் 11 இழைகளால் ஆனது. இந்த ஆறு செல்லில் மட்டும் 15 இழை, தடித்த குழாய்.

மெக்-3 மட்டும் வேறு மாதிரி. அது கெட்டால் வாய்க்காலும் இல்லை, தடித்த குழாயும் இல்லை, மொத்தமும் போய்விடுகிறது. செல் பிறக்கிறது, நரம்பாகவும் இருக்கிறது. தொடு உணர்வுக்கு வேண்டிய எதுவும் அதில் இல்லை. மெக்-3 எந்தப் பொருளையும் தானாகச் செய்வதில்லை. அது ஒரு கட்டுப்பாட்டுப் புரதம். வேலைக்கார மரபணுக்களின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பி விடுவது அதன் வேலை.

ஆனால் தனியாக உட்காராது. அன்க்-86 என்ற இன்னொரு கட்டுப்பாட்டுப் புரதத்தோடு ஜோடி சேர்ந்துதான் உட்காரும். அன்க்-86 பிறப்பிலேயே முன்னது. அது இல்லாத புழுவில் இந்த ஆறு செல்கள் உருவாவதே இல்லை. சில கிளைகளில் மகள் செல், தன் தாயைப் போலவே மறுபடி மறுபடி பிரிந்துகொண்டிருக்கும். அன்க்-86 இருக்கும்போதோ, அது முதலில் மெக்-3 மரபணுவை எழுப்புகிறது. மெக்-3 புரதம் வந்ததும் இரண்டும் சேர்ந்து மெக்-4, மெக்-7 போன்றவற்றை எழுப்புகின்றன. அதோடு இன்னொன்றும் செய்கின்றன: மெக்-3 மரபணுவின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, இன்னும் மெக்-3 வரச் செய்கின்றன. தன்னையே தான் எழுப்பிக்கொள்ளும் மரபணு.

தோட்டத்தில் மோட்டார் போட்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும். விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடும். உள்ளே காயில் என்ற கம்பிச்சுருள் ஒருமுறை இழுத்ததும், தன்னை இழுத்துப் பிடிக்க வேண்டிய கரண்ட்டுக்குத் தானே வழி செய்துகொள்கிறது. மெக்-3 பிடித்து நிற்பதும் அப்படித்தான். த்ரீ பேஸில் ஒன்று குறைந்தால் ஸ்டார்ட்டர் எடுக்காமல் இருக்கிற ஏற்பாடும் இருக்கிறதல்லவா? இங்கே இரண்டு புரதத்தில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலைக்கார மரபணுக்கள் எழாது. நடுவில் கரண்ட் போனால் காயில் விழுந்துவிடும், கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது போய்ப் பட்டனை அழுத்தினால்தான் உண்டு. செல்லிலும் பிடி விட்டுவிட்டால் அடையாளம் போய்விடும். அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம். ஒப்பீடு ஒட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அன்க்-86-ஐ விரலோடு மட்டும் ஒப்பிட முடியாது. விரலை எடுத்துவிடலாம், அன்க்-86 கடைசிவரை கூடவே இருந்தாக வேண்டும். தொடங்கி வைப்பதும் அது, தொடர்ந்து ஓடவிடுவதும் அது.

இப்போது ஒரு கணக்கு. அன்க்-86 வெளிப்படுவது ஆறில் மட்டுமல்ல, 57 நரம்பு செல்களில். மெக்-3 வெளிப்படுவது பத்தில். அந்தப் பத்திலும் அன்க்-86 உண்டு. அப்படியானால் தொடு உணர் செல் பத்து இருக்க வேண்டுமே, ஏன் ஆறு?

மீதி நான்கில் இரண்டு தலையில் இருக்கும் எஃப்.எல்.பி. என்ற ஜோடி. வலி தருகிற அளவு வன்மையான தொடுகையை உணர்வது அதன் வேலை. அந்தச் செல்களில் எக்ல்-44, எக்ல்-46 என்று இரண்டு தடுப்புப் புரதங்கள் இருக்கின்றன. அன்க்-86-ம் மெக்-3-ம் இருந்தாலும், மென்தொடுகைக்கான மரபணுக்களை இவை எழவிடாது. எக்ல்-44 கெட்டுப்போன புழுவில் எஃப்.எல்.பி. செல்கள் தொடு உணர் செல்கள்போல ஆகிவிடுகின்றன. தடையை எடுத்ததே போதும், புதிதாக எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மறுபக்கம், உண்மையான தொடு உணர் செல்களில் சாக்-1 என்ற புரதம் இருந்துகொண்டு எக்ல்-44 உள்ளே தலைகாட்டாமல் பார்த்துக்கொள்கிறது. ஒன்றையொன்று அமுக்கும் இரண்டு கட்சி. எது ஜெயிக்கிறதோ செல் அந்தப் பக்கம். இன்னொரு ஜோடியான பி.வி.டி. உடம்பு முழுக்கக் கிளைவிட்டுப் படரும் அழகான செல். அதற்கு வேறு ஏற்பாடு, இங்கே இடமில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ஆறு செல்லும் ஒரே தாய்க்குப் பிறந்தவை அல்ல. வம்சாவளியில் வேறு வேறு கிளையிலிருந்து வருகின்றன. நான்கு முட்டைக்குள்ளேயே உருவாகிவிடும். இரண்டு பொரிந்து வெளியே வந்த பிறகுதான் பிறக்கும். எந்த வழியாக வந்தாலும் கடைசியில் கூட்டணி அன்க்-86, மெக்-3 என்று அமைந்துவிட்டால் செல் ஒன்றுதான். வம்சத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவுசெய்யக் கூடாது என்று செல் மட்டத்திலேயே இருக்கிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வழி செய்தவரும் சால்ஃபிதான். ஜெல்லிமீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவை, மெக்-7 மரபணுவை எழுப்புகிற டி.என்.ஏ. துண்டோடு ஒட்டிப் புழுவுக்குள் செலுத்தினார். மெக்-7 எங்கெல்லாம் எழுமோ அங்கெல்லாம் பச்சை ஒளி வர வேண்டும். உயிரோடு நெளிகிற புழுவுக்குள் தொடு உணர் செல்கள் மெல்லிய பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. 1994-ல் அது வெளியானது. 2008-ல் ஒசாமு ஷிமோமுரா, ரோஜர் சியென் இருவரோடு சேர்த்து வேதியியல் நோபல் கிடைத்தது. ரோஜர் சியென் நம் ஊர் ஆய்வகங்களுக்கும் பழக்கமான பெயர். இன்று உயிரியல் கூடங்களில் மின்னுகிற பல நிறங்கள் அவர் கைவண்ணம்.

ஆறு செல்லில் பார்த்தது மற்ற செல்களுக்கும் பொருந்துமா? பெரும்பாலும் பொருந்துகிறது என்று காட்டியதில் ஆலிவர் ஹோபெர்ட்டின் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. புழுவின் தலையில் உப்புச் சுவை அறியும் ஏ.எஸ்.இ. என்ற ஜோடி இருக்கிறது. அங்கே மெக்-3 வகிக்கும் பதவியில் இருப்பது சே-1. அந்தச் செல்லுக்குரிய மரபணுக்களின் பக்கத்தில் ஒரே மாதிரியான சிறு எழுத்துவரிசை திரும்பத் திரும்ப வருகிறது. சே-1 வந்து உட்காருவது அதில்தான். இதுவும் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும். வளர்ச்சியெல்லாம் முடிந்த பிறகு சே-1-ஐ அகற்றினாலும் அந்தச் செல் தன் அடையாளத்தை இழக்கிறது. பிடி விட்டால் அடையாளம் போகும் என்று மேலே சொன்னது இதைத்தான். நரம்பு செல் ஒருமுறை ஆகிவிட்டால் ஆனதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது தினமும் ஆகிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பதவியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் புரதங்களில் பெரும்பகுதி ஹோமியோபாக்ஸ் என்ற ஒரே குடும்பம். புழுவின் 302 நரம்பு செல்களை உருவம், இணைப்பு எல்லாம் பார்த்து 118 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த 118-க்கும் ஹோமியோபாக்ஸ் புரதங்களின் சேர்க்கை தனித்தனி என்று காட்டியது. சுமார் நூறு மரபணுவை வைத்துக்கொண்டு அத்தனை அடையாள அட்டை. புதிதாக ஒரு செல் வகை வேண்டுமென்றால் புதிதாக ஒரு மரபணு தேவையில்லை, கூட்டணியை மாற்றினால் போதும்.

அப்புறம், சே-1-ஐ எந்தச் செல்லில் புகுத்தினாலும் அது உப்பறியும் நரம்பாகிவிடுமா? ஆகாது. டி.என்.ஏ. திறந்த நூலாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி இறுகச் சுருண்டு கிடக்கிறது. சுருள் இறுகிய இடத்தில் எந்தக் கட்டுப்பாட்டுப் புரதமும் நுழைய முடியாது. 2011-ல் ஹோபெர்ட் குழு, ஹிஸ்டோன்களைக் கையாளும் லின்-53 என்ற புரதத்தைக் குறைத்துவிட்டு, பிறகு சே-1-ஐ வலுவில் எழுப்பியது. முட்டையோ விந்தணுவோ ஆகியிருக்க வேண்டிய செல்கள் நரம்பு செல்லின் தோற்றத்தோடு உப்பறியும் மரபணுக்களை வெளிப்படுத்தத் தொடங்கின. லின்-53 இருந்தவரை அது நடக்கவில்லை. மரபணுக் கட்டுப்பாட்டில் தடுப்பதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

ஏ.எஸ்.இ. ஜோடியில் இன்னொரு வேடிக்கை. இடது வலது இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டிலும் சே-1 உண்டு. ஆனால் இடது செல் சோடியத்தை அறியும், வலது செல் குளோரைடை அறியும். உப்பின் இரண்டு பாதியை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்தப் பிரிவினையைச் செய்வது புரதம்கூட அல்ல, எல்.எஸ்.ஒய்-6 என்ற மிகச்சிறிய ஆர்.என்.ஏ. அது இடது செல்லில் மட்டும் உருவாகி, காக்-1 என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ. படியோடு ஒட்டிக்கொண்டு புரதம் வராமல் தடுக்கிறது. வலதில் எல்.எஸ்.ஒய்-6 இல்லை, காக்-1 வேலை செய்கிறது. படியெடுப்பைத் தடுக்காமல், எடுத்த படியைப் பயனில்லாமல் ஆக்குவது இந்த முறை.

இத்தகைய குட்டி ஆர்.என்.ஏ.க்களில் முதலில் கண்டுபிடித்ததும் இதே புழுவில்தான். லின்-4 என்ற அது 1993-ல் வெளிவந்தது. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் அதற்காக 2024-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. முதலில் சொன்ன அன்க்-86-இன் எழுத்துகளை 1988-ல் படித்துச் சொன்ன மூவரில் ரவ்கனும் ஒருவர். புழு உலகம் அவ்வளவு சின்னது. லின்-4 அமுக்குவது லின்-14-ஐ. லின்-14 ஒரு நேரக் கணக்கு. முட்டையிலிருந்து புதிதாக வந்த குட்டிப் புழுவில் டி.டி. என்ற ஆறு நரம்பு செல்கள் வயிற்றுப் பக்கத் தசையோடு இணைந்திருக்கும். முதல் தோலுரிப்பு வரும் சமயத்தில் அந்த இணைப்புகளைக் கழற்றி முதுகுப் பக்கத் தசைக்கு மாற்றிக்கொள்ளும். லின்-14 கெட்ட புழுவில் இந்த மாற்றம் நேரத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. எந்த மரபணு எழ வேண்டும் என்பதோடு எப்போது எழ வேண்டும் என்பதும் தனியாக ஆளப்படுகிறது.

புழுவை விட்டு மனிதனுக்கு வந்தால் அன்க்-86-க்கு நம்மிடம் நெருங்கிய உறவினர்கள் இருக்கிறார்கள். ஒன்றின் பெயர் பிஓயு4எஃப்3. இதில் பி, ஓ, யு என்ற மூன்று எழுத்தில் கடைசி எழுத்து அன்க்-86-ஐக் குறிப்பதுதான். அது வேலை செய்வது காதின் உள்ளே, ஒலியதிர்வை உணரும் மயிர் செல்களில். அதுவும் ஒருவகைத் தொடுகைதானே. புழுவில் சில செல் வரிசைகளில் அன்க்-86-க்கு முன்னால் லின்-32 என்ற புரதம் வேலை செய்கிறது. நம் மயிர் செல்லில் பிஓயு4எஃப்3-க்கு முன்னால் வேலை செய்வது லின்-32-இன் சொந்தக்காரரான அடோ1. பல கோடி ஆண்டு முன்பே பிரிந்துபோன இரண்டு உயிர்களில் அதே வரிசை.

1998-ல் இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில், தலைமுறை தலைமுறையாக வரும் காது கேளாமைக்குக் காரணம் பிஓயு4எஃப்3-இல் எட்டு எழுத்து விடுபட்டிருப்பதுதான் என்று கண்டார்கள். அவர்கள் பிறவியிலேயே கேளாதவர்கள் அல்ல. மயிர் செல்கள் உருவாகின, குழந்தைப் பருவம் முழுக்க நன்றாகவே கேட்டது. 18 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில்தான் கேட்கும் திறன் குறைய ஆரம்பித்தது.